முறையான உடை

நீலகிரியில் ஆடை ஒரு முகவரி. வெண்பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பூத்துக்குளியைப் போர்த்தியவரைக் கண்டால், தோடர் என்று அறிவோம். அந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெண்ணிற ஆடையும் தலைத்துண்டுமாகச் சந்தைக்கு வரும் மூதாட்டியைக் கண்டால், படகர் என்று அறிவோம். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, அதன்மேல் ஆண்களின் பழைய சட்டை ஒன்றை அணிந்து, இடுப்பைச் சுற்றி முரட்டுத் துணி கட்டியவரைக் கண்டால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் என்று அறிவோம். என் அம்மா இந்த மூன்றாம் முகவரிக்கு உரியவர்.

1964-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இலங்கை மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் தாயகம் திரும்பின. அவர்களுள் பலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களே வாழ்வளித்தன. சிறுமியாக அவ்வாறு வந்த அம்மா, கூடலூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கூடை சுமக்கத் தொடங்கினார். அவர் பறித்த கொழுந்துதான் என்னை உதகையில் வணிகவியல் படிக்க வைத்தது.

2022 ஜூலையில் எனக்கு ஒரு நேர்காணல் அழைப்பு வந்தது. உதகையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர் பணி. நாள், நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தெளிவாகப் பட்டியலிட்ட அக்கடிதத்தின் கடைசி வரி, “முறையான உடையில் வரவும்” என்றது. முந்தைய ஆண்டு என் அண்ணனுக்கு வந்த வேறோர் அழைப்பிலும் இதே வரி இருந்தது. அவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டினார். பத்து நிமிடத்தில் அந்த வரிக்கு விடை கிடைத்துவிட்டது. எனக்கு ஆறு நாள்கள் ஆயின.

அம்மா பெட்டியைத் திறந்து தம் பட்டுச்சேலையை எடுத்து வைத்தார். தீபாவளி போனஸில் மிச்சம்பிடித்து வாங்கியது. அவர் கட்டியதைவிட மடித்து வைத்ததே மிகுதி. கோவையில் பணிபுரியும் சித்தி மகள், தம் கால்சட்டையையும் கோட்டையும் பேருந்தில் கொடுத்தனுப்பினார். “இப்போதெல்லாம் இதுதான் மரியாதை” என்றார் தொலைபேசியில். அடுத்த வீட்டு அத்தை, “சேலை கட்டினால்தான் பொறுப்பான பெண் என்று எண்ணுவார்கள்” என்றார். கல்லூரித் தோழியோ, “சேலை கட்டாதே, திருமணம் ஆனவள் என்று எண்ணி வேறு கேள்விகள் கேட்பார்கள்” என்றாள். நால்வரும் என்மீது அன்புடையவர்கள். நால்வரும் சொன்னது வெவ்வேறு. ஆனால் நால்வரின் பேச்சிலும், நாங்கள் எவரும் பார்த்திராத சிலருடைய கண்கள் இருந்தன. அக்கண்கள் என்ன நினைக்கும் என்பதே எல்லாருடைய கவலையும். கணக்கியலில் நான் என்ன படித்திருக்கிறேன் என்பது அந்த ஆறு நாளில் பேச்சாகவே எழவில்லை.

பெண்ணின் பணியுடை நாடெங்கும் ஒரு வழக்காகவே இருந்து வந்துள்ளது. தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்களுக்காக 2019-இல் வெளியான அரசாணை, பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீஸையும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும் ஏற்றுக்கொண்டது. ஆசிரியைகள் சேலைதான் உடுத்த வேண்டும் என்று கல்வி நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2021 நவம்பரில் கேரள உயர்கல்வித் துறை ஆணையிட்டது. சேலை குறைந்தது என்பது இவற்றின் பொருளன்று. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக மகிழ்ந்து நின்ற இஸ்ரோ பெண் பணியாளர்களின் ஒளிப்படத்தை உலகமே பார்த்தது. அறிவியலுக்கு உரிய உடை இன்னதுதான் என்று எண்ணியிருந்தோர் அன்று தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டிருப்பர். உடுத்துபவர் விரும்பி உடுத்தினால் சேலையும் முறையானதே, சுடிதாரும் முறையானதே, கோட்டும் முறையானதே. அப்படியானால் நான் எதை விரும்புகிறேன்?

இதை அறிய ஒரு வழி கண்டேன். அடுக்களை முக்காலியை நடுவீட்டில் போட்டு அமர்ந்தேன். தங்கை எதிரே அமர்ந்து, என் பாடநூலைப் பிரித்து வைத்துக் கேள்வி கேட்டாள். தேய்மானம் என்றால் என்ன? இருப்புநிலைக் குறிப்பு எதைக் காட்டுகிறது? நான் விடை சொல்லும்போது என் கைகள் எங்கே போகின்றன என்று அவள் எண்ண வேண்டும், அதுவே சோதனை. பட்டுச்சேலையில் கை பதினொரு முறை கொசுவத்துக்கும் முந்தானைக்கும் போயிற்று. விலைமதிப்புள்ள பொருளைச் சுமப்பவள் போல் அமர்ந்திருந்தேனாம். கோட்டில் ஒன்பது முறை; அளவு எனக்குச் சற்றுப் பெரிது. கல்லூரிக்கு அணிந்த கருநீலப் பருத்திச் சுடிதாரில், துப்பட்டாவை இரு தோள்களிலும் ஊசியால் குத்திக்கொண்டு அமர்ந்தபோது, கை மடியிலேயே கிடந்தது. “நீ உடையை மறந்துட்டே, அக்கா” என்றாள் தங்கை. அவள் சொன்னதில் எனக்கு விடை கிடைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,200 மீட்டருக்கும் மேலே. இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஜூலையில் கீழே தென்மேற்குப் பருவமழை கொட்டும். மேலே குளிர்காற்று எலும்பைத் தொடும். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை சேற்றிலும் அட்டைகளுக்கு நடுவிலும் நடக்க வேண்டும். மலையில் வாழ்பவரின் உடையை மழையும் பாதையும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கின்றன.

அம்மாவிடம் இதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. பட்டுச்சேலையைத் தடவி மீண்டும் பெட்டியில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “நான் வேலையில சேர்ந்தப்ப யாரும் என்னைய ஒரு கேள்வி கேக்கல, பிள்ள. பேரை எழுதினாங்க, கூடையக் குடுத்தாங்க. உன்னையக் கேள்வி கேக்கக் கூப்பிட்டிருக்காங்க. நம்ம வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளைக்கு இதுதான் மொதத் தடவ. அதான் பட்டெடுத்து வச்சேன்.” அச்சேலை யாருடைய கண்களுக்காகவும் எடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அது ஒரு நாளைச் சிறப்பிப்பதற்காக எடுக்கப்பட்டது.

நேர்காணல் நாளன்று விடியுமுன்பே மழை தொடங்கிவிட்டது. கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் விரிப்பை அம்மா எடுத்து வந்து, என் இடுப்பிலிருந்து பாதம்வரை சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டினார். இன்னொன்றால் சான்றிதழ்க் கோப்பைச் சுற்றினார். அவருடைய வேலை உடையில்தான் நான் நிறுத்தம்வரை நடந்தேன். பேருந்து வந்ததும் அவிழ்த்து வாங்கிக்கொண்டு, அதைத் தாமே கட்டி, அப்படியே மலைச்சரிவில் வேலைக்கு ஏறினார். என் சுடிதாரின் விளிம்பில் ஒரு துளிச் சேறும் இல்லை.

அறையில் மூவர் இருந்தனர். கணக்கியல் கேள்விகள் நன்றாகவே சென்றன. இறுதியில் ஒருவர், “திருமணம் ஆனால் வேலையை விட்டுவிடுவீர்களா?” என்று கேட்டார். அண்ணனிடம் எவரும் கேட்டிராத கேள்வி. இக்கேள்விக்கு வயது அதிகம். 1951-இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான முதல் பெண்ணான அன்னா ராஜத்திடம், நேர்காணல் குழுவினர் பெண்களுக்கு வேறு பணிகளே பொருத்தமானவை என்று எடுத்துரைத்தனர். அவர் தம் விருப்பத்தில் உறுதியாக நின்று, ஓசூரில் துணை ஆட்சியராகப் பொறுப்பேற்றார். நான் அவ்வளவு பெரிய இடத்தில் இல்லை. ஆயினும் சொல்வதற்கு எனக்கும் ஒன்று இருந்தது. “என் அம்மா, நான் பிறந்த மூன்றாம் மாதமே மலையேறிக் கொழுந்து பறித்தவர், ஐயா. வேலையை விடுவதை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை” என்றேன். என் கை அப்போதும் மடியிலேயே இருந்தது.

இரு வாரங்களில் பணி ஆணை வந்தது.

நாளை நீங்களும் ஓர் அறைக்கு வெளியே காத்திருப்பீர்கள். “ஆள்பாதி ஆடைபாதி” என்று உங்களுக்கும் சொல்வார்கள். அதன் முதற்பாதி ஆள் என்பதை மறவாதீர்கள். தூய்மையாக இருக்கட்டும், வழிக்கும் வானிலைக்கும் பொருந்தட்டும், விடை சொல்லும்போது உங்கள் கையைத் தன்பால் இழுக்காமல் இருக்கட்டும். இம்மூன்றும் அமைந்த உடை எதுவோ, அது முறையான உடை. கேள்வி கேட்கப்படும் உரிமையைத் தம் உழைப்பால் நமக்குப் பெற்றுத் தந்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டியது, அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து சொல்லும் விடைதான்.