ரெசின் வாங்கப் போறீங்களா? ஒரு டாக்டரின் ஏரோமாடலிங் அனுபவம்

நான் செஞ்ச குட்டி விமானங்களோட படம் போடும்போதெல்லாம் இன்பாக்ஸ்ல நாலஞ்சு பேர் ஒரே கேள்வியோட வர்றீங்க. "சார், இறக்கைக்கு ஃபைபர் கோட்டிங் கொடுக்கணும். எந்தத் துணி, எந்த ரெசின் வாங்கணும்?" தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப் போச்சு. மொத்தமா இங்கேயே எழுதிடறேன். த்ரெட் கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் இப்ப எப்பாக்ஸி ரெசினைத் தொடறதில்ல, தொடவும் முடியாது. காரணம் கீழ வரும்.

என் முதல் இறக்கை தெர்மாகோல்ல வெட்டினது. ஒன்றரை மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம். அதுக்கு மேல ஃபைபர் ஒட்டலாம்னு ஃபைபர் கடைக்குப் போனேன். கடைக்காரர், "போட்டா, தண்ணி டேங்கா சார்?"னு கேட்டார். "சின்ன ஃப்ளைட்டுங்க"ன்னேன். ஏற இறங்கப் பாத்துட்டு மேட், பாலியஸ்டர் ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட்னு நாலையும் கட்டிக் கொடுத்தார். அவர் மேல தப்பே இல்ல. அவர்கிட்ட வர்றவங்க எல்லாம் போட்டும் டேங்கும் செய்யறவங்க. அதுக்கு அதுதான் சரியான சரக்கு.

வீட்டுக்கு வந்து ரெசினைக் கலந்து தெர்மாகோல் மேல பிரஷ்ஷால தடவினேன். சுடுதண்ணில வெல்லம் போட்ட மாதிரி இறக்கை கண்ணு முன்னாடியே கரைஞ்சு உள்ள போயிடுச்சு. பாலியஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன்னு ஒரு திரவம் இருக்கு. தெர்மாகோல்ங்கறதே பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் அதைக் கரைக்காம விடுமா? எப்பாக்ஸி தெர்மாகோலைக் கரைக்காது. அதனால ஃபோம் இறக்கைன்னா வேற யோசனையே வேண்டாம், எப்பாக்ஸிதான்.

அடுத்து துணி. கடையில "மேட்"னு கொடுக்கறது நெசவுத் துணி இல்ல. கண்ணாடி நூலைத் துண்டு துண்டா வெட்டி, பசை போட்டு அழுத்தின விரிப்பு. சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம்னு வரும். அந்தப் பசை ஸ்டைரீன்ல கரையற வகை, எப்பாக்ஸில சரியா கரையாது. மேட் விறைப்பாவே நிக்கும், வளைவுல படியாது. நமக்கு வேணுங்கறது நெஞ்ச கண்ணாடித் துணி. பால்சா, ஃபோம் இறக்கைக்கு சதுர மீட்டருக்கு 25 கிராம் போதும். வயித்துல தரை உரசி இறங்கற விமானத்தோட உடம்புக்கு 50. இறக்கையோட நடு ஜாயின்ட்டுக்கு 160 வாக்குல ஒரு பட்டை.

சின்ன கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. என் இறக்கைக்கு மேல கீழ ரெண்டு பக்கமும் சேத்து முக்கால் சதுர மீட்டர். 25 கிராம் துணின்னா 19 கிராம். நல்லா வழிச்சு எடுத்தா ரெசினும் கிட்டத்தட்ட அதே எடை. மொத்தம் 40 கிராமுக்குள்ள முடிஞ்சுடும். அதே இடத்துக்கு 300 கிராம் மேட் போட்டா மேட் மட்டுமே 225 கிராம். அது தன்னைப் போல ரெண்டு மடங்கு ரெசின் குடிக்கும். முக்கால் கிலோவை நெருங்கிடும். ஒன்றரைக் கிலோ விமானத்துல முக்கால் கிலோ கோட்டிங்! அன்னைக்கு தெர்மாகோல் கரைஞ்சது ஒரு வகையில நல்லதுதான்.

(வரலாறு பிடிச்சவங்களுக்கு: கண்ணாடி இழையில முதல் கிளைடர் 1957-ல ஜெர்மனியில பறந்துச்சு. ஸ்டுட்கார்ட் மாணவர்கள் உருவாக்கின ஃபீனிக்ஸ். நடுவுல பால்சா, ரெண்டு பக்கமும் கண்ணாடி இழை. நாம வீட்டுல செய்யறதும் அந்த வழிதான்.)

பாலியஸ்டரை விடறதுக்கு முன்னாடி டாக்டரா ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். கேட்டலிஸ்ட்னு விக்கறாங்களே, அது ஒரு பெராக்சைடு. பாக்க பச்சத்தண்ணி மாதிரி இருக்கும். அதையும் கோபால்ட்டையும் நேரடியா ஒண்ணா ஊத்திடாதீங்க, தீப்பிடிக்கும், வெடிக்கக் கூட செய்யும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லா கலக்கணும், அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இன்னொண்ணு, அந்தப் பாட்டில் காலியான வாட்டர் பாட்டிலா இருந்தா வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. தண்ணின்னு நினைச்சு யாராவது ஒரு வாய் குடிச்சா உணவுக்குழாய் வெந்துடும். கண்ணுல ஒரு சொட்டு தெறிச்சா கருவிழி போயிடலாம். தெறிச்ச அந்த நிமிஷமே குழாய்த் தண்ணியில குறைஞ்சது கால் மணி நேரம் கழுவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கழுவாம ஓடாதீங்க.

சரி, எப்பாக்ஸி. இதுல வாடை கம்மி, ஃபோமைக் கரைக்காது, பிடிப்பு அதிகம். வாங்கும்போது "லேமினேஷனுக்கு"ன்னு கேளுங்க. ட்யூப்ல வர்ற ஒட்டற பசை தேன் மாதிரி கெட்டியா இருக்கும், துணிக்குள்ள இறங்காது. ஹார்ட்னர் அளவு டப்பாவுல போட்டிருக்கும். நம்ம ஊர்ல சகஜமா கிடைக்கற ஒரு ஜோடிக்கு எடையில 100-க்கு 10. இருபது கிராம் ரெசினுக்கு ரெண்டே கிராம். கண் மதிப்புல ஊத்தாதீங்க, நகைத் தராசு மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க. பாலியஸ்டர்ல கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடினா சீக்கிரம் இறுகும். எப்பாக்ஸில ஹார்ட்னரைக் கூட்டினா அப்படி நடக்காது, மிச்ச ஹார்ட்னர் உள்ளேயே தங்கி மேல பிசுபிசுன்னு நிக்கும். சித்திரை வெயில்ல ஒரு கப் நிறைய கலந்து வெச்சுடாதீங்க. தானா சூடேறி, புகைஞ்சு, கப்பே உருகும். கொஞ்சமா கலந்து, தட்டையான தட்டுல ஊத்திக்கோங்க. துணி மேல தடவினதும் டாய்லெட் பேப்பர் ரோலை உருட்டினா அதிகப்படி ரெசினை அது உறிஞ்சிடும்.

இனி என் கதை.

மூணு வருஷம் எப்பாக்ஸியோட நிம்மதியா இருந்தேன். ஞாயித்துக்கிழமை மொட்டை மாடிதான் நமக்கு வொர்க்‌ஷாப். கையுறையா? இருந்துச்சு, டப்பாவுல. விரல்ல ஒட்டினா அசிட்டோன்ல துடைச்சுக்குவேன். ஒரு நாள் கூட அரிச்சதில்ல. "நமக்கு ஒத்துக்கும்பா"ன்னு நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலைல கண்ணாடியைப் பாத்தா ரெண்டு கண் இமையும் வீங்கி, செவந்து கிடக்கு. முந்தின நாள் ஓ.பி.ல யார்கிட்டயோ கண்வலி தொத்திக்கிச்சுன்னு சொட்டு மருந்து போட்டேன். நாலு நாள்ல சரியாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி செவ்வாய். இந்த தடவை விரல் இடுக்குல கொப்புளமும் வந்துச்சு. சானிடைசர்தான்னு முடிவு பண்ணி பிராண்டை மாத்தினேன். செட்ரிசின் போட்டேன். அடுத்து ஆஸ்பத்திரி கையுறை மேல பழி. இப்படியே நாலு மாசம்! என்கிட்ட வர்ற நோயாளி இப்படிப் பண்ணியிருந்தா திட்டியிருப்பேன்.

கூடப் படிச்ச தோல் டாக்டர்கிட்ட போனேன். கையைத் திருப்பிப் பாத்துட்டு, "டேய், ஆஸ்பத்திரியை விடு. லீவு நாள்ல வீட்ல என்னடா பண்ற?"னான். முதுகுல பேட்ச் டெஸ்ட் ஒட்டிவிட்டான். ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சப்போ எப்பாக்ஸி ரெசின் இருந்த இடத்துல மட்டும் செக்கச்செவேல்னு கொப்புளம். நாலாம் நாள் இன்னும் மோசம்.

இது சாப்பாட்டு அலர்ஜி மாதிரி அஞ்சு நிமிஷத்துல தடிக்கற வகை இல்ல. தாமதமா வர்ற அலர்ஜி. பட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை ரெசின் தொட்டா செவ்வாய்க்கிழமை வீங்கும், நீங்க திங்கக்கிழமை தொட்ட எதையோ சந்தேகப்படுவீங்க. முதல் தடவையே வரணும்னும் இல்ல. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா பட்டுப் பட்டு, ஒரு நாள் உடம்பு அதை எதிரியா பதிஞ்சு வெச்சுக்கும். பதிஞ்சா பெரும்பாலும் ஆயுசுக்கும்தான். அப்புறம் ஒரு துளி, அரைகுறையா காஞ்ச ரெசினைத் தேய்ச்ச தூசி, இதுவே போதும். இமைத்தோல் ரொம்ப மெலிசுங்கறதால பல பேருக்கு முதல்ல அங்கதான் காட்டும்.

அதனால ரெசின் வாங்கற அன்னைக்கே நைட்ரைல் கையுறையும் ஒரு பெட்டி வாங்குங்க. மெல்லிசான லேடெக்ஸ் வழியா ரெசின் ஊடுருவிடும். நைட்ரைலா இருந்தாலும் ரெசின் பட்டா கழட்டிப் போட்டு புதுசு மாட்டுங்க. கையில பட்டா சோப்பும் தண்ணியும் மட்டும். அசிட்டோன் தோலோட எண்ணெய்ப் பசையை எடுத்து ரெசினை உள்ள அனுப்பும். என் மூணு வருஷத் தப்புல பெரிய தப்பு அதுதான். தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் காய விடுங்க, தண்ணி போட்டுத் தேயுங்க, என்95 மாட்டிக்கோங்க. என்95 தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது. அதனால ரூம்ல உக்காந்து பண்ணாதீங்க.

முழுசா இறுகின ரெசின் ஒண்ணும் பண்ணாது. என் பழைய விமானங்களை இன்னமும் தொடறேன், பறக்கவிடறேன்.

புதுசுக்கு இப்ப வேற வழி. பால்சா மேல 25 கிராம் துணியை விரிச்சு, மர சாமானுக்கு அடிக்கற தண்ணி கலந்த பாலியுரித்தேன் வார்னிஷை மூணு நாலு கோட்டிங் கொடுக்கறேன். எப்பாக்ஸி அளவுக்கு விறைப்பு வராது. தண்ணி பட்டு பால்சா முறுக்கிக்காம இருக்க ரெண்டு பக்கமும் அடிக்கணும். சாதாரண ஸ்போர்ட் விமானத்துக்குத் தாராளமா போதும்.

நடு ஜாயின்ட் மட்டும் இன்னமும் எப்பாக்ஸிதான். அதைப் பையன் பண்றான், மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம். நான் மாடிப்படி கதவுகிட்ட நின்னுக்கிட்டு, "கையுறையை மாத்துடா, மாத்துடா"ன்னு கத்திக்கிட்டே இருப்பேன். போன வாரம் அவன் திரும்பிப் பாத்து, "அப்பா, நீங்க உள்ள போங்க, காத்து உங்க பக்கம்தான் அடிக்குது"ன்னான்.