எண்பதில் ஆடிய வண்டி

1994ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளுக்கு வந்த கஞ்சில் என்னும் சிறு கார், சருகுமானின் பெயரைத் தாங்கியது. பெயருக்கேற்ற உருவம், 660 சி.சி. ஆற்றலுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின்; பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள். 2009இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் பேராக் மாநிலத்துச் சிற்றூர்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சுங்கை சிப்புட், செம்மோர், கம்பார், பீடோர் என்று எந்த ஊரின் தமிழ்ப்பள்ளி வாயிலில் காலையில் நின்று பார்த்தாலும், நிறம் மங்கிய கஞ்சில் ஒன்றிலிருந்து பிள்ளைகள் இறங்குவதைக் காணலாம்.

இதற்குக் காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்தபோது, லயத்து மக்கள் நகரோரத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பள்ளிக்கூடங்கள் பலவும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. முன்பு மணியோசை கேட்டபின் புறப்பட்டாலும் நேரத்திற்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகள், இப்போது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரவேண்டும். மாணவர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் மொழிப்பற்று குறித்து நிறையப் பேசப்படுகிறது. பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வண்டி நின்றால் பிள்ளை அருகிலுள்ள வேறு பள்ளிக்குப் போய்விடும் என்பது எளிய கணக்கு.

ஈப்போவிற்கு வடக்கே, ஒரு காலத்தில் பால்மரக் காடாயிருந்த நிலத்தில் எழுந்த தாமான் ஒன்றில் வாழும் அம்மையார் ஒருவரிடம் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது. கணவரை இழந்தவர், சமையல் வேலைக்குப் போகிறவர். தம் பேரப்பிள்ளைகள் இருவரையும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் நாள்தோறும் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்தே வேலைக்குச் செல்வார். 2018ஆம் ஆண்டில் அந்த வண்டிக்கு ஒரு நோய் கண்டது. வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கும். தொண்ணூறில் அது உச்சத்தை அடையும். முன்கண்ணாடியில் தொங்கும் முருகன் படம் கடகடவென்று தட்டும். நூறைத் தாண்டினால் நடுக்கம் குறையும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியாதலின், சக்கரத்தின் ஆட்டம் சிறிதும் குறையாமல் கைக்கு வந்து சேர்ந்தது.

அம்மையார் முதலில் நாடிய பட்டறையில் அலைன்மெண்ட் செய்து கொடுத்தார்கள். நடுக்கம் போகவில்லை. இரண்டாவது பட்டறையில் முன்பக்கத்து அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். சீட்டுப் பணத்தில் பல நூறு வெள்ளி கரைந்தது. நடுக்கம் மட்டும் கரையவில்லை. மூன்றாவதாக ஒரு டயர்க் கடையில் சக்கரங்களைப் பேலன்சிங் செய்தார்கள். இயந்திரம் சுழியம் காட்டிற்று. "இனி ஆடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையிலேயே ஆடிற்று. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடும்படி உறவினர் ஒருவர் ஆலோசனை கூறினார். விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கப் பணம் எங்கே என்பதை அவர் சொல்லவில்லை.

அந்தப் பட்டறைக்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவர்கள் செய்த ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நோய்க்கு மருந்தே. சக்கரங்களின் கோணம் பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரம் தேயும். அப்சார்பர் கெட்டால் பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அசையும். இவ்விரண்டும் எண்பதில் தோன்றி நூறில் தணியும் நடுக்கத்திற்குப் பொதுவாகக் காரணமாவதில்லை. நோயாளியிடம் ஒரு கேள்வியும் கேளாமல் மருந்து கொடுத்ததுதான் குறை. கையில் உள்ள கருவி எதுவோ அதுவே நோயின் பெயராகிவிடுகிறது. வகுப்பறையிலும் இது நிகழாமலில்லை.

நான்காவதாக அம்மையார் போன இடத்திற்குப் பெயர்ப்பலகை கிடையாது. செம்மோர்ப் பக்கத்தில், வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்டு, அறுபதைக் கடந்த ஒருவர் தனியாக வேலை செய்துவந்தார். அவருடைய தந்தை தோட்டத்து ஆலையில் எஞ்சின் பார்த்தவர். உறைந்த பாலை ரப்பர்த் தகடாக நசுக்கும் இரட்டை உருளைகளின் நடுவே வளர்ந்தவர் இவர். உருளை தேய்ந்து வட்டம் கெட்டால் தகடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். புகைவீட்டில் மெல்லிய இடம் முந்திக் காயும், தடித்த இடம் பிந்தும். சுழலும் பொருளின் குறை, சுற்றுக்கு ஒருமுறை தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதைச் சிறுவயதிலேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

அவர் வண்டியைத் திறக்கவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டு அம்மையாரை உட்காரச் சொன்னார்.

"எப்போதம்மா ஆடுது?"

"எண்பதுல ஆரம்பிக்குதுங்க அண்ணே."

"பிரேக் போடும்போது கூடுதா?"

"இல்லைங்க. அப்படியேதான் இருக்கு."

"எண்ணெயை அழுத்தும்போது?"

"அதுக்கும் கூடலை. காலை எடுத்தாலும் ஆடுது."

"நிறுத்தி வைச்சிருக்கும்போது, எஞ்சின் ஓடும்போது?"

"எப்பவும் போலத்தான்."

"மெதுவா போகும்போது எப்படி? இருபது, முப்பதுல?"

அம்மையார் சற்று யோசித்தார். காலையில் தாமானை விட்டு மெதுவாகக் கிளம்பும்போது, நசுங்கிய சட்டியை உருட்டுவதுபோல் ஸ்டியரிங் இடமும் வலமும் இலேசாக அசையும் என்றார். சாலையின் மேடு பள்ளம் என்று எண்ணி அதனை யாரிடமும் சொல்லவில்லையாம். யாரும் கேட்கவுமில்லை.

இந்தச் சிறு உரையாடலில் பாதி வேலை முடிந்துவிட்டது. பிரேக் அழுத்தும்போது மட்டும் நடுக்கம் கூடினால் பிரேக்குத் தட்டின் மேல் ஐயம் கொள்ளலாம். எண்ணெயை அழுத்தும்போது கூடினால், எஞ்சினின் ஆற்றலை முன்சக்கரத்திற்குக் கொண்டுசெல்லும் தண்டின் உள்மூட்டை நோக்க வேண்டும். நின்ற நிலையிலும் நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளைப் பார்க்கலாம். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குச் சிறு நடுக்கம் இயல்பு என்பதையும் மறக்கலாகாது. வேகத்தை மட்டுமே பொறுத்து ஆடினால் குற்றம் சக்கரத்தில், அல்லது சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில். அம்மையாரின் கடைசி விடையோ இன்னும் நுட்பமானது. எடைச் சமன் கெட்ட சக்கரம் மெதுவாகச் செல்லும்போது தன்னைக் காட்டிக்கொள்ளாது. வடிவம் கெட்ட சக்கரம் இருபதிலும் உருண்டு காட்டும்.

இதனைக் கணக்காகவும் பார்க்கலாம். ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அச்சிறு சக்கரம் வினாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் சுழல்கிறது. அப்போது அந்த 30 கிராம், ஏறத்தாழ நான்கு கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால்பங்காகிவிடும். ஆதலால்தான் தாமான் தெருவில் அது தெரிவதில்லை. நூறுக்கு மேல் நடுக்கம் தணிவதற்கும் விளக்கம் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால்தான் அது உயர எழும். வண்டியின் முன்பகுதிக்கும் இயல்பான துடிப்பு ஒன்று உண்டு. சக்கரத்தின் உதை அந்தத் தாளத்தோடு பொருந்தும் வேகத்தில் ஆட்டம் மிகுந்து, அதனைக் கடந்ததும் குறைகிறது.

முதியவர் முன்சக்கரங்களைக் கழற்றிப் பின்னே பூட்டினார். பின்சக்கரங்களை முன்னே கொண்டுவந்தார். செலவில்லாத சோதனை இது. முதல் மூன்று பட்டறைகளில் எதுவும் இதனைச் செய்யாதது வியப்பே. அம்மையாரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சுங்கை சிப்புட் சாலையில் ஓட்டிப் பார்த்தார். எண்பதில் ஸ்டியரிங் அமைதியாக இருந்தது, இருக்கை நடுங்கிற்று. நோய் சக்கரத்தோடு இடம் மாறியிருந்தது. மூட்டுகள் குற்றமற்றவை என்று இதனாலேயே பெரும்பாலும் விளங்கினாலும், அவர் முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கி கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தும் இடமும் வலமும் பிடித்து அசைத்தும் பார்க்கத் தவறவில்லை. மேல்கீழ் ஆட்டம் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ காட்டும். பக்கவாட்டு ஆட்டம் டை ராடின் முனையைக் காட்டும். ஒன்றும் அசையவில்லை.

பிறகு ஐயத்திற்குரிய சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் ஓர் ஆணியைக் கிடத்தி, அதன் முனை டயரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நகர்த்தினார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். ஒன்று இடைவெளி மாறாமல் சுழன்றது. மற்றொன்று முக்கால் சுற்று வரை அமைதியாகச் சுழன்று, ஓரிடத்தில் ஆணியைத் தள்ளிவிட்டது. ரிம்மிற்கு நேரே ஆணியை வைத்துச் சுழற்றியபோது அது வளைவின்றி ஓடிற்று. குற்றம் டயரில். அவர் அம்மையாரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். உள்ளங்கை அகலத்திற்கு ஒரு வீக்கம். கண்ணுக்கு எளிதில் தெரியாதது, கைக்குத் தெரிந்தது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருந்தன: 2207. 2000ஆம் ஆண்டிற்குப் பின் வந்த டயர்களில் இவ்வெண்களில் முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2007ஆம் ஆண்டின் இருபத்திரண்டாவது வாரத்தில் பிறந்த டயர் அது, பதினோரு வயது. சாலையோரக் கடையொன்றில் முன்சக்கரங்களுக்கென்று பழைய டயர் இரண்டு வாங்கிப் போட்டதாக அம்மையார் சொன்னார். பூ நன்றாக இருந்தது, விலையும் மலிவு. பூவின் ஆழத்தைக் காட்டி விற்கிறவர்கள் பிறந்த நாளைக் காட்டுவதில்லை.

ரேடியல் டயரின் பூவுக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் உள்ளன. எஃகை ரப்பர் நேரே பற்றிக்கொள்ளாது. அதனால் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசுவார்கள். வெப்பத்தைத் தாங்கி அந்தக் கம்பிகளை இறுகப் பிடித்திருப்பதில் செயற்கை ரப்பரைவிட மரத்துப் பாலிலிருந்து வந்த ரப்பரே இன்றும் முன்னிற்கிறது. காற்றுக் குறைவாக ஓடிய சூடும், வெட்டுக் காயத்தின் வழியே புகுந்த ஈரமும், வயதும் சேர்ந்தால் அந்தப் பிடி தளரும், பட்டை பிரியும், மேலே வீங்கும். பேலன்சிங் இயந்திரம் இந்நோயை ஏன் அறியவில்லை என்பதும் இங்கே விளங்கும். வீங்கிய இடத்திற்கு எதிரே ஈயத்தை ஒட்டினால் எடை சமனாகிவிடும், வட்டம் சமனாகாது. இயந்திரம் காட்டிய சுழியம் பொய்யன்று. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

பிரிந்த பட்டை அப்படியே இருந்துவிடுவதில்லை. ஒருநாள் பூ உரிந்து பறக்கும், அல்லது டயர் வெடிக்கும். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில், பின்னிருக்கையில் நான்கு பிள்ளைகளோடு, முன்சக்கரத்தில் அது நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதியவர் சொல்லவில்லை. அம்மையார் அந்த வீக்கத்தின் மேலிருந்து கையை எடுக்காமல் சிறிது நேரம் நின்றார். ஆறு மாதமாக அந்த வண்டி அவரை எச்சரித்துக்கொண்டிருந்தது.

அவருடைய தாயார் பால்மரம் வெட்டியவர். கோலகங்சாரில், 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் எஞ்சிய முதிய மரம் ஒன்றினை இன்றும் காட்டுகிறார்கள். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். அந்த மரத்திற்கும் இந்த டயருக்கும் இடையே விடியற்காலை இருளில் விளக்கோடு நடந்த தமிழர் தலைமுறைகள் பல உள. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நல்ல டயர் இரண்டு வாங்குவது இன்னும் பாரமாகவே இருக்கிறது.

புதிய டயர் இரண்டு வந்தன. பூட்டுமுன் முதியவர் சக்கரம் பொருந்தும் முகங்களிலிருந்த துருவையும் காய்ந்த செம்மண்ணையும் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்தார்; ஒரு துணுக்கு துரு இடையில் நின்றாலும் சக்கரம் சாய்ந்து உட்காரும். புதியவற்றைப் பின்னே போட்டு, முன்பே சோதனைக்காக முன்னே வந்திருந்த நல்ல டயர்களை அங்கேயே விட்டார். புதியது முன்னேதானே இருக்க வேண்டும் என்று அம்மையார் கேட்டார். மாலை மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைக் கையால் மீட்பது எளிதன்று என்றார் அவர். நட்டுகளைக் குறுக்கு வரிசையில் முடுக்கினார். பேலன்சிங் செய்ய அதே டயர்க் கடைக்குத்தான் அனுப்பினார். தொண்ணூறில் முருகன் படம் அசையவில்லை.

கூலியாக அவர் வாங்கியது அப்சார்பர் விலையில் மிகச் சிறு பகுதி. பழைய டயர் இரண்டையும் எடுத்துப்போகட்டுமா என்று ஓர் ஆள் வந்து கேட்டான். முதியவர் பதில் சொல்லாமல் கத்தியை எடுத்து, இரண்டின் பக்கவாட்டையும் நீளக் கிழித்த பிறகு கொடுத்தார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து நட்டுகளைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மையாரிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில், பிள்ளைகள் நால்வரையும் ஏற்றிக்கொண்டே வந்தார். மூன்று சக்கரங்களில் ஒன்றும் தளரவில்லை. நான்காவதில் ஒரு நட்டு கால் திருப்பு ஏறிற்று.