இருபத்திரண்டு கிணறும் ஒரு "வேண்டாம்" கணக்கும்

குடும்பத்தோட டூர் போறதுல ஒரு வசதி இருக்கு. எங்க போனாலும் யாராவது ஒருத்தருக்குப் பிடிக்காது. அதனால திரும்பி வந்த பிறகும் ஆறு மாசத்துக்குப் பேச விஷயம் கிடைக்கும் :-)

2025 மே மாசம் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போனோம். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவங்க பிள்ளைங்க ரெண்டு பேர் (வயசு 4, 7), தாத்தா, அப்பத்தா, நான். மொத்தம் ஒன்பது பேர். பி.காம் படிக்கிறேன்ங்கிற ஒரே காரணத்துக்காக செலவுக் கணக்கு என் தலையில. டீ, இளநீர், ஆட்டோன்னு எழுதிட்டு வந்த நோட்டுல, சும்மா பொழுதுபோக்குக்கு இன்னொரு கணக்கும் ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை "வேண்டாம்" சொல்றாங்க, யாருக்குச் சொல்றாங்க?

முதல் வரவு பாம்பன்லயே வந்துடுச்சு. 1914-ல திறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு. பக்கத்துல கட்டின புதுப் பாலத்தை நாங்க போறதுக்கு முந்தின மாசம்தான் திறந்திருந்தாங்க. பெட்டி கடலுக்கு மேல ஏறினதும் சின்னவன் ஜன்னல் வழியா கையை நீட்டினான். "வேண்டாம்!" தாத்தா வாசல் பக்கம் நின்னு பார்க்கணும்னு எழுந்தார். "வேண்டாம்ப்பா, உக்காருங்க."

அன்னைக்கு ராத்திரி கூட்டிப் பார்த்தேன். பிள்ளைங்களுக்கு 23. தாத்தா, அப்பத்தாவுக்கு 14. மத்த அஞ்சு பேருக்கும் சேர்த்து பூஜ்யம்.

மறுநாள் காலையில அக்னி தீர்த்தம். கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற கடல்தான் அது. பேருதான் கடல், பார்க்க குளம் மாதிரி இருக்கும். அலையே இல்ல. அந்தப் பக்கத்துக்காரங்க இதைப் பெண்கடல்னு சொல்றாங்க. பிள்ளைங்களுக்கு அது பீச், அப்பத்தாவுக்கு அது தீர்த்தம். தண்ணி ஒண்ணுதான். அப்பத்தா இடுப்பளவு தண்ணியில உக்கார்ந்துக்கிச்சு. ரெண்டு வாண்டுகளும் பிளாஸ்டிக் வாளியில மொண்டு மொண்டு அது தலையில ஊத்தினாங்க. அந்த ஒரு மணி நேரம் என் நோட்டுல எதுவும் ஏறல.

பிரச்சினை அதுக்கப்புறம்தான். கடல்ல குளிச்சவங்க ஈரத்துணியோட கோயிலுக்குள்ள போய் 22 தீர்த்தத்துலயும் குளிக்கிறது வழக்கம். ஒவ்வொரு கிணத்துலயும் வாளியால இறைச்சு தலையில ஊத்துவாங்க. இத்தனை பேர் நனைஞ்சு நடக்கிறதால கல் தரை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்.

"அம்மாவுக்கு வேண்டாம். தலையில கொஞ்சம் தெளிச்சுக்கிட்டா போதும்"னு அப்பா சொல்லிட்டார்.

அப்பா சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. அப்பத்தாவுக்கு 74 வயசு. முந்தின வருஷம் வீட்டுல வழுக்கி விழுந்து ரெண்டு மாசம் படுக்கையில இருந்துச்சு. அந்த ரெண்டு மாசமும் பார்த்துக்கிட்டது அம்மா.

அப்பத்தா சத்தம் போடல. ஈரச்சேலையைப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டுச்சு: "ஏன்யா, பிள்ளைகளை வேண்டாம்னா சரி. அதுக அடுத்த தடவை வரும். நான் எப்ப வருவேன்?"

அப்பாகிட்ட பதில் இல்ல. சித்தப்பா கோபுரத்தைப் பார்த்தார். கடைசியில வாயைத் திறந்தது அம்மாதான். "நான் பிடிச்சுக்கிறேன் அத்தை. வாங்க."

இதை நான் எதிர்பார்க்கல. அப்பத்தா திரும்ப விழுந்தா அதிகமா கஷ்டப்படப் போறது அம்மா. சரின்னு சொன்னதும் அம்மாதான்.

ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நான். மகாலட்சுமி தீர்த்தத்துல ஆரம்பிச்சு கோடி தீர்த்தத்துல முடிச்சோம். எங்களுக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் எங்களைத் தாண்டிப் போனாங்க. பதிமூணாவது கிணத்துக்கிட்ட அப்பத்தா பத்து நிமிஷம் உக்கார்ந்துச்சு. விழல. ஆனா ராத்திரி ரெண்டு முழங்காலும் வீங்கிப் போச்சு. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாங்க. வலிக்குதுன்னு அப்பத்தா வாயே திறக்கல. வலிக்கலைன்னும் சொல்லல.

அடுத்த நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல்ல அழிஞ்ச ஊர். இடிஞ்ச சர்ச் சுவர் இன்னும் நிக்குது. அரிச்சல்முனை வரைக்கும் 2017-லிருந்து நல்ல ரோடு இருக்கு. அங்க ஒரு பக்கம் பெண்கடல், இன்னொரு பக்கம் ஆண்கடல். அந்தப் பக்கம் அலையும் இழுப்பும் ஜாஸ்தி, இறங்கிக் குளிக்கிற இடமே இல்ல. பெரியவ இறங்கியே ஆகணும்னு மணல்ல புரண்டு அழுதா. அப்பா "வேண்டாம்"னார். அப்பத்தாவும் சொல்லுச்சு: "வேண்டாம்டா கண்ணு."

திரும்பி வரும்போது ரயில்ல இதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். எங்க பாடத்துல ஒண்ணு வரும். வியாபாரத்துல வந்த நட்டத்தை, அந்த வருஷ லாபத்துல கழிக்க முடியலைன்னா, வருமான வரிக் கணக்குல எட்டு வருஷம் வரைக்கும் முன்னுக்குக் கொண்டு போகலாம். கேரி ஃபார்வேர்டு. சின்னவனுக்கு இன்னைக்குக் கிடைக்காததை எட்டு வருஷம் தள்ளி வச்சாலும் அப்ப அவனுக்கு 12 வயசுதான். அப்பத்தாவுக்கு 82. ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றோம், ஆனா ரெண்டும் ஒரே கணக்கு இல்ல. பிள்ளைங்ககிட்ட சொல்ற "வேண்டாம்"ல "இப்ப" வேண்டாம்னு ஒரு வார்த்தை ஒளிஞ்சிருக்கு. வயசானவங்ககிட்ட சொல்றதுல அது இல்ல.

அதுக்காக அவங்க கேட்டதுக்கெல்லாம் தலையாட்டணும்னு நான் சொல்ல வரல. அந்த முழங்கால் வீக்கத்தை நானும் பார்த்தேன். ஆனா வலிக்கப் போறது யாருக்கோ, முடிவு எடுக்கும்போது அவங்களை ஒரு வார்த்தை கேட்கலாம். கூடவே, ஒத்தடம் கொடுக்கப் போறவங்களையும்.

அடுத்த லீவுக்கு தாத்தா கன்னியாகுமரியில சூரிய உதயம் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். எல்லாரும் விடியறதுக்கு முன்னால எழுந்திருக்கணும். அப்பா இன்னும் "வேண்டாம்" சொல்லல. நானும் நோட்டைத் தூக்கிப் போடல :-)