சின்னது பிந்தித்தான் வரும்

அரிதட்டில மா அரிச்சா சின்னது முதல்ல விழும், கட்டி மேல நிற்கும். ஜெல் கொலத்திலயும் அப்படித்தான் நடக்கும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் இரண்டாம் வருசப் பிராக்டிக்கலுக்குப் போனேன்.

கொலம் என்பது ஒரு நீளக் கண்ணாடிக் குழாய். அடியில திறந்து பூட்ட ஒரு பைப். உள்ளே செஃபடெக்ஸ் மணிகள். டெக்ஸ்ட்ரான் என்ற குளுக்கோசுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துச் செய்தது; ஊறினால் சவ்வரிசி மாதிரி வீங்கும். 1959இல் சுவீடனின் உப்சாலாவில் பொராத், ஃப்ளோடின் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள். மணிகளில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன. பெரிய மூலக்கூறு அதற்குள் நுழைய முடியாமல் மணிகளுக்கு இடையால் இறங்கிவிடும். சின்னது ஒவ்வொரு மணிக்குள்ளும் போய்ப் போய் வரும். ஆகவே பெரியது முந்தி, சின்னது பிந்தி. அரிதட்டுக்கு நேர் எதிர்.

எங்களுக்குத் தந்தது இரண்டு நிறம். நீல டெக்ஸ்ட்ரான், கிட்டத்தட்ட 20 இலட்சம் டால்டன். விற்றமின் பீ12, வெறும் 1355. மேலே விடும்போது ஊதாக் கலவை. கொஞ்ச நேரத்தில் நீலம் பிரிந்து இறங்க, றோஸ் பின்தங்கியது. அவ்வளவு வடிவு.

நீலம் வெளியில வந்ததும் என்ர பொறுமை போயிட்டுது. பஸ்ஸுக்கு நேரம். பைப்பை நல்லாத் திறந்துவிட்டேன். ஃபோன் வர வெளியே போனேன். திரும்பி வந்தால் மேலே பஃபர் முடிந்து, காற்றுப் புகுந்து, ஜெல் வெடித்திருந்தது. அவசரத்தில் பஃபர் ஊற்ற, றோஸ் வெடிப்புக்குள்ளால் கலங்கி ஓடியது.

"ஆர் பைப்பைத் திறந்தது?" எண்டு மிஸ் கேட்டா.

"நாங்கள்தான் மிஸ்" எண்டாள் என்ர கூட்டாளி. அவள் அப்ப பஃபர் எடுக்க மற்ற மேசைக்குப் போயிருந்தவள். இரண்டு பேருக்கும் பூச்சியம். நான் ஒண்டும் சொல்லேல்லை. அவள் நிண்டு ஜெல்லைக் கழுவினாள். நான் பஸ் பிடிச்சிட்டேன்.

அடுத்த கிழமை திரும்பச் செய்தோம். பைப் கொஞ்சமாகத்தான் திறந்திருந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்தது. நீலம் போய் நெடுநேரமாகியும் றோஸ் வரவில்லை. பஸ் போயிட்டுது.

"அண்டைக்குத் திறந்தது நான்தான் எண்டு காலமை மிஸ்ஸிட்டச் சொல்லிட்டன்" எண்டேன்.

அவள் கொலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு கிழமை எடுத்திருக்கு" எண்டாள். பிறகு, "வருது, டியூபை வை."