பிறர் காதில் விழாத ஒலி

விநோதமான திரைப்படங்களுக்கு இன்று பஞ்சமில்லை. கான், பெர்லின், ரோட்டர்டாம் விழாக்களில் பேசப்பட்ட படம் சில மாதங்களில் சந்தா கட்டியவரின் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. பர்மா பஜாரில் வட்டுகளைப் புரட்டி, பெயரறியாத இயக்குநரின் படத்தை அட்டையை நம்பி வாங்கி, ஐந்தாறு பேர் ஓர் அறையில் கூடிப் பார்த்தவர்கள் நாங்கள். அன்று படம் அரிதாக இருந்தது. உடன் பார்க்க ஆள் இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். பார்க்கவேண்டிய படங்களின் பட்டியலும் நீள்கிறது, பாதியில் நிறுத்தியவற்றின் பட்டியலும் நீள்கிறது.

தாய்லாந்து இயக்குநர் அபிசத்போங் வீரசேதகுல் கொலம்பியாவில் எடுத்த 'மெமோரியா', 2021ஆம் ஆண்டு கான் விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அமெரிக்காவில் அதை வெளியிட்ட நிறுவனம் விசித்திரமானதோர் அறிவிப்பைச் செய்தது. வட்டு கிடையாது, இணைய வெளியீடு கிடையாது; ஒரு சமயத்தில் ஒரே அரங்கு, வாரத்துக்கு ஓர் ஊர் என்று படம் பயணம் செய்யும். நம் டூரிங் டாக்கீஸை நினைவூட்டும் இந்த ஏற்பாட்டை மேட்டிமைத்தனம் என்று சிலர் ஏசினர். படம் வந்தே சேராத ஊரில் இருப்பவர் என்ன செய்வார் என்ற அவர்களது கேள்வி நியாயமானதே. எங்களுக்கும் அது பின்னர் இணையவழியாகத்தான் வாய்த்தது.

நண்பர் வீட்டு மாடியில் நால்வர் கூடினோம். கைப்பேசிகள் அனைத்தும் ஓர் எவர்சில்வர் தூக்குக்குள் சென்றன. இடையில் நிறுத்துவதில்லை என்பது ஒப்பந்தம். டில்டா ஸ்விண்டன் ஏற்று நடித்த ஜெசிகாவுக்கு ஒரு விடியலில் கனத்த ஒலியொன்று கேட்கிறது. பிறர் எவருக்கும் அது கேட்பதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் இளைஞனிடம் அந்த ஒலியைச் சொற்களால் விளக்குகிறாள். அவன் கருவியில் அதை மெல்ல மெல்ல உருவாக்க முயல்கிறான். கதை என்று சொல்லத்தக்கது இதற்குமேல் அதிகமில்லை. இறுதிப் பகுதியில் எங்களில் ஒருவர் உறங்கியும் போனார். இயக்குநர் அதைக் குற்றமாகக் கொள்ளமாட்டார். 2018இல் ரோட்டர்டாம் விழாவில், திரையின் முன் கட்டில்களிட்டுப் பார்வையாளரை உறங்கச் செய்தவர் அவர்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபின் எவரும் எழவில்லை. தணிக்கையாளராகப் பணிபுரியும் நண்பர், பதினோரு ஆண்டுகளாகத் தம் இடது காதுக்குள் ஓர் இரைச்சல் ஓய்வதேயில்லை என்றார். இருபதாண்டுப் பழக்கத்தில் எங்களுக்கு இது தெரியாது. மனைவியிடமும் முழுதாகச் சொன்னதில்லையாம். எப்படிப்பட்ட ஒலி என்று கேட்டோம். பிரஷர் குக்கரில் விசில் எழுவதற்குச் சற்று முன்பு ஒரு சீற்றம் வருமே, அது என்றார். நாங்கள் ஒவ்வொருவராக வாயால் ஒலியெழுப்பிப் பார்த்தோம். "இன்னும் மெல்லிசா, இன்னும் தூரத்துல" என்று அவர் திருத்திக்கொண்டே வந்தார். நள்ளிரவு தாண்டியது. அவர் அந்தப் படத்தைத் தனியே பார்த்திருந்தால் அதுவும் அவரது காதுக்குள்ளேயே தங்கியிருக்கும்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாமின் டைகர் விருதைப் பெற்றும், நம் திரையரங்குகளைத் தொடாமல் 2023இல் இணையத்தில் வெளியானது. பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவுக்குச் சென்ற அவரது 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் அரங்குகளுக்கு வந்தபோது, இத்தகைய படத்தை இங்கே கொண்டுவந்திருக்கக்கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. பின்னணி இசை இல்லாத அந்தப் படத்தை அரங்கில் பார்த்தோம். சிலர் சிரித்தனர், சிலர் இடையிலேயே வெளியேறினர். முடிவைச் சொல்லாமல் படம் நின்றதும் பின்வரிசையில் ஒருவர் உரக்க ஏசினார். ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில், முன்பின் அறியாத இரு இளைஞர்கள் பாண்டி இனி என்ன செய்வான் என்று எங்களிடம் வாதிட்டனர். ஏசியவரும் நின்று கேட்டார். அவரையும் சேர்த்துத்தான் அந்தப் படத்துக்கு அரங்கு தேவைப்பட்டது.

இவ்வாண்டும் விழாக்களிலிருந்து விநோதமான படங்கள் வந்தபடிதான் இருக்கின்றன. எதைப் பார்ப்பது என்று நண்பர்கள் எங்களிடம் பட்டியல் கேட்கிறார்கள். தருகிறோம். கூடவே, உங்கள் ஊரில் இன்னும் மூவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறோம். அதற்குத்தான் பலரிடமிருந்து பதில் வருவதில்லை.