ஒரு கோப்புக்குள் ஒரு முழு வன்தட்டு!

மெய்நிகர் கணினி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, திரையில் ஒரு ஜன்னலுக்குள் ஓடும் இன்னொரு இயங்குதளம்தான். அந்த ஜன்னலை மூடிவிட்டால் மிஞ்சுவது என்ன? பெரும்பாலும் ஒரே ஒரு கோப்பு. உள்ளே ஓடிய லினக்ஸ், அதில் நிறுவிய மென்பொருள்கள், ராத்திரி கண் விழித்து எழுதிய புராஜெக்ட் எல்லாம் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கின்றன. அதற்குப் பெயர் டிஸ்க் இமேஜ். அது போனால் எல்லாம் போச்சு!

இது புதிய யோசனை அல்ல. 1972ல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370 காலத்திலேயே ஒரு பெரிய வட்டைத் துண்டு போட்டு, ஒவ்வொரு பயனருக்கும் 'மினிடிஸ்க்' என்று கொடுத்தார்கள். சாதாரண மேசைக் கணினிக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தது 1998ல் தொடங்கிய விஎம்வேர். 2003ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் க்யூஎமு என்ற மென்பொருளை வெளியிட்டார். வீடியோ உலகில் எல்லோரும் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவரும் இவர்தான். க்யூஎமுவோடு கூடவே வரும் சின்னக் கருவி 'க்யூஎமு-இமேஜ்'. ஜன்னலும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளை வரியில் பெயரைத் தட்டி, பின்னால் ஒரு வினைச்சொல்லைச் சேர்க்க வேண்டும். கிரியேட், இன்ஃபோ, கன்வர்ட், ரீசைஸ், செக், ஸ்னாப்ஷாட், கமிட், ரீபேஸ்... இவ்வளவு தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

40 ஜிபி எங்கே போனது?

புதிதாகப் பழகுபவரை முதலில் குழப்புவது அளவுதான். க்யூகவ்2 வடிவத்தில் 40 ஜிபி வட்டு ஒன்றை உருவாக்கச் சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். போய்ப் பார்த்தால் கோப்பின் அளவு சுமார் 200 கேபி! ஏமாற்று வேலை இல்லை. க்யூகவ் என்பதில் இருக்கும் 'கவ்' பசு அல்ல. 'காப்பி ஆன் ரைட்' என்பதன் சுருக்கம். எழுதும்போதுதான் இடம் எடுத்துக்கொள்ளும்.

இதன் உள்வேலை எளிமையானது. வட்டு முழுவதும் 64 கேபி துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தத் துண்டு கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இரண்டு அடுக்கு அட்டவணைகள் சொல்கின்றன. இரண்டாம் அடுக்கு அட்டவணை ஒன்றும் 64 கேபிதான். அதில் ஒரு பதிவுக்கு 8 பைட் என்றால் 8192 பதிவுகள். ஒரு பதிவு ஒரு துண்டைக் காட்டுகிறது. ஆக ஒரே அட்டவணை 512 எம்பி வட்டைக் கவனித்துக்கொள்ளும். எழுதப்படாத துண்டுக்கு அட்டவணையில் பூஜ்யம், கோப்பில் இடமே இல்லை.

இன்ஃபோ கட்டளை இரண்டு எண்களைக் காட்டுவது இதனால்தான். ஒன்று, உள்ளே இருக்கும் கணினி நம்பிக்கொண்டிருக்கும் அளவு. இன்னொன்று, வெளியே உண்மையில் செலவான இடம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கடன் மாதிரி. 100 ஜிபி காலியாக உள்ள மடிக்கணினியில் நான்கு 40 ஜிபி வட்டுகளைத் தாராளமாக உருவாக்கலாம். நான்கும் ஒரே நேரத்தில் நிரம்பத் தொடங்கினால்தான் கடன்காரன் வாசலில் நிற்பான்!

உள்ளே கோப்புகளை அழித்தாலும் வெளியே இமேஜ் தானாக மெலியாது. ஒரு கோப்பை அழித்துவிட்டார்கள் என்பது உள்ளே இருக்கும் கோப்பு முறைமைக்குத்தான் தெரியும், வெளியே சேதி வராது. அந்தச் சேதியை அனுப்ப வட்டுக்கு டிஸ்கார்ட் வசதியை இயக்கி, உள்ளே எஃப்எஸ்டிரிம் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் காலி இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பி, கணினியை நிறுத்தி, கன்வர்ட் மூலம் புதிய கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். பூஜ்யம் நிறைந்த பகுதிகளைக் கன்வர்ட் தாண்டிப் போய்விடும்.

வடிவம் மாற்றும் வித்தை

விஎம்வேர் என்றால் விஎம்டிகே, விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் விடிஐ, மைக்ரோசாஃப்ட் என்றால் விஎச்டி. ஊருக்கு ஒரு வடிவம். கன்வர்ட் இவற்றுக்கு இடையே மொழிபெயர்க்கும். ஒரு வேடிக்கை: விஎச்டிக்கு க்யூஎமு வைத்திருக்கும் பெயர் 'விபிசி'. 2003ல் மைக்ரோசாஃப்ட் வாங்குவதற்கு முன் கனெக்டிக்ஸ் நிறுவனத்திடம் இருந்த விர்ச்சுவல் பிசியின் நினைவு அது. விஎச்டியில் சுமார் 2 டிபிக்கு மேல் போக முடியாது. அதைத் தாண்ட 2012ன் விண்டோஸ் சர்வரோடு 64 டிபி வரை தாங்கும் விஎச்டிஎக்ஸ் வந்தது.

பென்டிரைவில் நண்பனுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஃபேட்32 வடிவிலுள்ள பென்டிரைவில் ஒரே கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. ரா வடிவக் கோப்பில் இன்னொரு தொல்லை. அதன் காலி இடங்கள் 'ஓட்டைகளாக' இருப்பதால் வட்டில் இடம் எடுக்காது. ஆனால் ஓட்டைகளைப் புரிந்துகொள்ளாத கருவியால் நகலெடுத்தால் 3 ஜிபி போல இருந்தது முழு 40 ஜிபியாக ஊதிவிடும். க்யூகவ்2க்கு இந்தப் பிரச்சினை இல்லை.

வேரில் வெந்நீர்

இனி வருவதுதான் முக்கியம். ஒரு வகுப்பில் 30 பேருக்கு ஒரே மாதிரி லினக்ஸ் வேண்டும், ஒரு நிறுவல் 8 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு நகல் என்றால் 240 ஜிபி. அதற்குப் பதில் ஒரே அடிப்படை இமேஜை வைத்து, அதன் மேல் 30 மெல்லிய அடுக்குகளை உருவாக்கலாம். ஒவ்வொரு அடுக்கும் தன் மாணவர் மாற்றியதை மட்டும் வைத்துக்கொள்ளும். மற்றதைக் கீழே உள்ள அடிப்படையிலிருந்து படிக்கும். தொடக்கத்தில் 30 அடுக்குகளும் சேர்ந்து சில எம்பிதான்.

அருமையான ஏற்பாடு. ஆனால் 'அடிப்படையில் சின்ன அப்டேட் போட்டுவிடலாமே' என்று யாராவது அதை நேரடியாக பூட் செய்தால்? கீழே துண்டுகள் இடம் மாறும், மேலே இருக்கும் அடுக்குகளுக்கு அது தெரியாது. பழைய கோப்பு முறைமையின் பாதியும் புதியதன் பாதியும் கலந்து, 30 கணினிகளும் குழம்பும். க்யூஎமு இதைத் தடுக்காது, எச்சரிக்காது. கமிட் கட்டளையிலும் இதே கத்தி இருக்கிறது. ஒரு மாணவரின் அடுக்கை அடிப்படையில் கலந்துவிட்டால், மீதி 29 பேரின் வேலை அந்த நிமிடமே நம்ப முடியாததாகிவிடும்.

இதற்கு மருந்து சுலபம். அடிப்படை தயாரானதும் அதைப் படிக்க மட்டும் முடிகிற கோப்பாக அனுமதி மாற்றிவிட வேண்டும். செக்சம் ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். அப்டேட் வேண்டுமென்றால் வேறு பெயரில் புதிய அடிப்படை. பழையதை அழிப்பதற்கு முன், எந்த அடுக்கு எதன் மேல் நிற்கிறது என்று இன்ஃபோவில் சங்கிலி முழுவதையும் பார்க்க வேண்டும். கேட்டால் 20 நொடி வேலை. கேட்காவிட்டால் ஒரு செமஸ்டர்.

மற்ற கட்டளைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ரீசைஸ் வட்டைப் பெரிதாக்கும், ஆனால் உள்ளே பார்ட்டிஷனும் கோப்பு முறைமையும் பழைய அளவிலேயே இருக்கும். அவற்றைத் தனியாக வளர்க்க வேண்டும். சின்னதாக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் உள்ளே சுருக்கி, பிறகு வெளியே. மாற்றிச் செய்தால் வால் பகுதியில் இருக்கும் தரவு வெட்டுப்படும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதற்குப் பின் செய்தது போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் இமேஜில் கை வைக்கவே கூடாது. 2017ல் வந்த க்யூஎமு 2.10 முதல் கோப்பைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டு இருக்கிறது என்றால் காரணம் இருக்கிறது, உடைக்கக் கூடாது.

யார் சொல்வதை நம்புவது?

2008ல் வெளியான ஒரு பாதுகாப்புக் குறைபாடு, சிவிஈ-2008-2004, நல்ல பாடம். ரா வடிவத்தில் முதல் பைட் முதலே உள்ளே இருக்கும் கணினி எழுதியதுதான். வடிவம் என்ன என்று சொல்லாமல் விட்டால் க்யூஎமு முதல் சில பைட்களைப் பார்த்து ஊகிக்கும். உள்ளே இருப்பவர் அந்த இடத்தில் க்யூகவ் தலைப்பை எழுதி, 'என் அடிப்படைக் கோப்பு வெளியே இருக்கும் கடவுச்சொல் கோப்பு' என்று குறித்துவிட்டால்? அடுத்த முறை பூட் ஆகும்போது வெளியே உள்ள கோப்பை உள்ளிருந்தே படிக்கலாம்! சிறைக்கைதி தானே விடுதலை உத்தரவு எழுதிக்கொண்ட கதை. அதனால்தான் வடிவத்தை ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறார்கள். 2021ல் வந்த 6.1 பதிப்பிலிருந்து, அடிப்படை வைத்து அடுக்கு உருவாக்கும்போது அடிப்படையின் வடிவத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

பொத்தான்களுக்குப் பழகிய கைக்குக் கட்டளை வரி முரட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் அங்கே எந்தக் கோப்பு, எந்த வடிவம், எதன் மேல் என்று தட்டுபவரே சொல்லியாக வேண்டும். தெரியாமல் தட்டுவது கஷ்டம் என்பதே அதன் பலம். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் இன்னொன்றையும் மறக்க மாட்டார்: ஸ்னாப்ஷாட் இருப்பது அதே கோப்புக்குள், அந்தக் கோப்பு இருப்பது அதே வன்தட்டில். அது பேக்கப் ஆகாது. கணினியை நிறுத்திவிட்டு, வேறொரு வட்டில் ஒரு முழு நகல் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும்.