எங்க ஊர்ல பஸ் நிக்கும் பாஸ்!

ஈ.சி.ஆர்ல பாண்டிக்கு பைக் விட்டிருக்கீங்களா? அப்படின்னா எங்க ஊரை நீங்க கட்டாயம் தாண்டியிருக்கீங்க. சென்னையிலேருந்து சுமார் 100 கிலோமீட்டர். 'பாண்டிக்கு இன்னும் 50தான் மச்சி'ன்னு பின்னாடி உட்கார்ந்திருக்கிறவன் உசுப்பேத்த, நீங்க ஆக்ஸிலேட்டரை முறுக்குற இடம் இருக்கே... அதான் கடப்பாக்கம்!

இன்ஜினீயரிங் காலேஜ்ல சேர்ந்த முதல் நாள், 'எந்த ஊரு?'ன்னு சீனியர் கேட்டப்ப, வாய் தானா 'பாண்டி பக்கம்'னு சொல்லிடுச்சு. கடப்பாக்கம்னா 'எங்கே இருக்கு?'ன்னு கேப்பான், அதுக்கு விளக்கம் சொல்லணும், எதுக்கு வம்பு? அந்த 'பக்கம்' நாளாக நாளாகக் கழண்டு போய், ரெண்டாவது வருஷத்துல நான் அக்மார்க் பாண்டிக்காரன் ஆயிட்டேன்.

போன வருஷம் நாலு பைக்ல பாண்டி ட்ரிப். விதி யாரை விட்டுது? டீ குடிக்கணும்னு ஒருத்தன் வண்டியை ஓரங்கட்டினது சாட்சாத் எங்க ஊர்ல. கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தது எங்க தாத்தா!

அவர் என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லை. ஆனா, பேரனைத் தெரியாதா? ரெண்டு செகண்ட் பார்த்துட்டு, பொதுவா எல்லார்கிட்டயும், "எங்கேருந்து வர்றீங்க தம்பிங்களா?"ன்னு கேட்டார். 'சென்னை'னு பசங்க கோரஸா சொன்னாங்க. "பத்திரமாப் போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டார்.

பாண்டியில அன்னிக்கு எனக்கு எதுவுமே இறங்கலை.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். "ஏன் தாத்தா என்னைக் கூப்பிடலை?" அதுக்கு அவர், "கூட வந்த புள்ளைங்க முன்னாடி உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் கண்ணு" என்றார். திட்டியிருந்தாக்கூட தேவலை.

அன்னிக்கு சாயங்காலம் அவரோட பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில நடந்தேன். பிறந்ததுலேருந்து பார்க்குற கால்வாய்தான். ஆனா, அவர் வலது தோள்ல இருக்குற தழும்பு இதோட சம்பந்தப்பட்டதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. பதினாறு, பதினேழு வயசுல மரக்காணத்து உப்பு ஏத்தின படகை இழுத்திருக்கார் மனுஷன். "காத்து அடிச்சா பாய், காத்து விழுந்தா கயிறு. கயித்தைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கரை மேலயே பட்டணம் வரைக்கும் நடக்க வேண்டியதுதான்!"

நான் படிக்கிறது சிவில். கொஞ்சம் புரட்டிப் பார்த்தா, நம்ம தாத்தா இழுத்தது சாதாரண ரூட் இல்லை. ஆந்திராவுல பெத்தகஞ்சாம்லேருந்து மரக்காணம் வரைக்கும் சுமார் 420 கிலோமீட்டர்! 1806ல சென்னைக்கு வடக்கே தோண்ட ஆரம்பிச்சது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல, பசியில வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, சென்னைக்குள்ள வடக்கையும் தெற்கையும் இணைக்கிற பகுதியை வெட்ட வெச்சாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேரை வெச்சாங்க. வெட்டினவங்க பேர்? ஒண்ணுகூட இல்லை.

பாரதிதாசன் இந்தக் கால்வாய்லதான் சென்னையிலேருந்து மாமல்லபுரம் போனார். படகைக் கயிறு கட்டி இழுத்த ஆட்களோட கஷ்டத்தைப் பார்த்துட்டு, 'மாவலிபுரச் செலவு'ன்னு கவிதையே எழுதியிருக்கார். படிச்சப்ப எனக்கு எங்க தாத்தா தோள்தான் தெரிஞ்சது.

1965, 66 புயல்கள்ல கால்வாய் பலமா அடி வாங்குச்சு. லாரி வந்துடுச்சு, படகு போயிடுச்சு. 2008ல இதைத் தேசிய நீர்வழி 4-ல சேர்த்தாங்க. ஆனா, உப்புப் படகு திரும்ப வரலை. அயர்லாந்துல ராயல் கால்வாய்னு ஒண்ணு. 1961ல மூடினாங்க. ஜனங்க விடாமப் போராடி, 2010ல முழுசாத் திறக்க வெச்சுட்டாங்க. அதோட கரையில இருக்குற குட்டிக் குட்டி ஊர்களுக்கெல்லாம் டூரிஸ்ட் வர்றாங்க. நம்மாளுங்க?

ஊருக்குக் கிழக்கே ஆலம்பரைக் கோட்டை. நவாபுகள் காலத்துச் செங்கல் கோட்டை. துறைமுகம், நாணயச் சாலைன்னு ஓஹோன்னு இருந்த இடம். 1750ல பிரெஞ்சுக்காரர் டூப்ளே கைக்கு வந்தது. 1760ல பிரிட்டிஷ்காரங்க பிடிச்சு இடிச்சுட்டாங்க. மிச்சத்துல கொஞ்சத்தை 2004 சுனாமி பார்த்துக்கிச்சு. இடிஞ்ச சுவர் மேல உட்கார்ந்தா கீழே கழி, அதுக்கு அந்தப் பக்கம் மணல் திட்டு, அப்புறம் கடல். டிக்கெட்டே இல்லாத சினிமாஸ்கோப்!

இன்னொரு மேட்டர். எங்க ஊர் இருக்குறது இடைக்கழிநாடு பேரூராட்சியில. சிறுபாணாற்றுப்படை எழுதினவர் பேரு என்ன? 'இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்'! சங்கப் புலவர் ஊர்ப் பேரை முன்னாடி போட்டுக்கிட்டு ராஜா நல்லியக்கோடனைப் பாடியிருக்கார். நான் ஒரு சீனியர்கிட்ட சொல்ல வெக்கப்பட்டிருக்கேன்.

போன மாசம் அதே நாலு பைக், அதே டீக்கடை. இந்தத் தடவை நான்தான் முதல்ல ஹெல்மெட்டைக் கழட்டினேன். "மச்சி, இது எங்க ஊரு. இவர் எங்க தாத்தா." பசங்க ஆன்னு பார்த்தாங்க. தாத்தா மட்டும் அசரலை. "தம்பிங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே"ன்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க... அன்னிக்கு பாண்டி கேன்சல். பொழுது சாயற வரைக்கும் கோட்டைச் சுவர் மேல உட்கார்ந்து, தாத்தா கதை சொல்ல, ஆளுக்கு ஒரு துண்டு தர்பூசணி.

அடுத்த தடவை அந்தப் பக்கம் வந்தா, ஒரு டீக்கு வண்டியை நிறுத்துங்க. பெஞ்சுல உட்கார்ந்திருக்குற பெரியவர் 'எந்த ஊரு தம்பி?'ன்னு கேட்பார்.

தயவுசெஞ்சு சரியான பதில் சொல்லுங்க!